ஸ்கேனில் மங்கலான கொழுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வேறு எதற்கோ எடுத்த சி.டி. அறிக்கையில் ‘குடல்தாங்கிக் கொழுப்பு அழற்சி’ (குடலை வயிற்றுச் சுவரோடு பிணைக்கும் மடிப்பிலுள்ள கொழுப்பின் அழற்சி) என்றிருந்தால், உடனே புற்றுநோய் என்று பதற வேண்டாம்.

இயல்பான கொழுப்பு படத்தில் கருமையாக, மைனஸ் 100 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகையொட்டி (சி.டி.யில் திசுவின் அடர்த்தியைக் குறிக்கும் அளவு) இருக்கும். அழற்சி கண்டது மைனஸ் 60 முதல் மைனஸ் 40 வரை ஏறி, புகை படிந்தாற்போல் சாம்பலாகும், பெரும்பாலும் இடப்பக்கம். நடுவே ரத்தக்குழாய்களைச் சுற்றி மட்டும் மெல்லிய கரு வளையம் மிஞ்சும். இதுவே இந்த அழற்சிக்கு நல்ல துப்பு. ஆனாலும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயிலும் இந்த வளையம் எப்போதாவது தென்பட்டு ஏமாற்றும்! நிணநீர் முடிச்சு 10 மி.மீ.க்கு மேல் பருத்திருந்தால் பெட் ஸ்கேனோ திசுப் பரிசோதனையோ பார்ப்பது நல்லது.

இதய, கல்லீரல் நோய்களின் நீர்க்கோப்பும் இதே மங்கலைத் தரும்; அது ஓரிடத்தில் நிற்காமல் பரவிக் கிடக்கும். சிரையில் கான்ட்ராஸ்ட் (படத்தில் குழாய்களைத் துலக்கிக் காட்டும் மருந்து) செலுத்தாமல் எடுத்த படத்தில் ரத்தக்குழாயையும் நிணநீர் முடிச்சையும் பிரித்தறிவது கடினம். பழைய ஸ்கேன் இருந்தால் அறிக்கையை மட்டுமல்ல, படங்களையும் கொண்டு போங்கள்.

- கதிரியக்க மருத்துவர் ஒருவர்