டிசம்பர் 31 அன்று கிடங்கில் என்ன இருந்தது?

அன்புள்ள சேகர்,

நாலு மாதமாகப் பதில் போடாததற்கு நீ எப்படித் திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் நலம். அக்கா கொடுத்தனுப்பிய முறுக்கு வந்து சேர்ந்தது. டப்பா திரும்பி வராது என்பதை அவரிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

விளையாட்டு ஹெட்செட் செய்யும் அமெரிக்க நிறுவனமான டர்டில் பீச்சின் பங்கை மசேநி (மத்திய சேமநிதி) பணத்தில் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். முடியாது. மசேநி சாதாரணக் கணக்கைக் கொண்டு வாங்கக்கூடிய பங்குகள் சிங்கப்பூர்ச் சந்தையில் பட்டியலிடப்பட்டவைதான். அந்த மட்டில் தப்பித்தாய். கைக்காசில் வாங்குவதானால் நீ அமெரிக்கன் அல்ல என்று அறிவிக்கும் டபிள்யூ-8பென் படிவத்தைத் தரகரிடம் போட வேண்டும். ஈவுத்தொகைக்கு 30 விழுக்காடு பிடிப்பார்களே என்று கவலைப்படாதே, இவர்கள் ஈவுத்தொகை தருவதில்லை. கவலைப்பட வேண்டிய வரி வேறு: உன் பெயரில் உள்ள அமெரிக்கச் சொத்து மொத்தம் 60,000 அமெரிக்க டாலரைத் தாண்டினால், நீ போன பிறகு வீட்டுக்காரம்மா அந்நாட்டு மரபுரிமை வரியோடு மல்லுக்கட்ட வேண்டும். இதை மட்டும் இன்று ராத்திரியே அவரிடம் சொல்.

இப்போது சண்டைக்கு வருவோம். நீ "அடுத்த கன்சோல் அலை வந்தாச்சு, ராக்கெட்" என்கிறாய். நம் நண்பன் கொசுவர்த்தி "போட்டிக்கு லாஜிடெக், ரேசர், ஸ்டீல்சீரிஸ், ஹைப்பர்எக்ஸ், போதாக்குறைக்கு சோனி, மைக்ரோசாஃப்ட் சொந்தச் சரக்கு. இவனிடம் என்ன இருக்கு?" என்கிறான். இருவருமே விற்பனை எண்ணையே முறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது கடைக்கு அனுப்பிய சரக்கின் எண். வாடிக்கையாளர் கல்லாவில் காசு கொடுத்து எடுத்துப்போன எண் அல்ல. இரண்டும் ஒன்றாக ஓடும் வரை பிரச்சினை இல்லை. பிரியும்போது முதலீட்டாளனுக்குத்தான் கடைசியாகத் தெரியவரும்.

2021-ஐ எடுத்துக்கொள். ஊரே வீட்டில் அடைந்து விளையாடிய காலம். விற்பனை 366 மில்லியன் டாலர், அதுவரை காணாத உச்சம். அதே ஆண்டின் டிசம்பர் 31 இருப்புநிலைக் குறிப்பைத் திற: கையிருப்புச் சரக்கு 100 மில்லியனுக்கும் மேல். அந்த ஆண்டு விற்ற சரக்கின் அடக்கவிலை ஏறத்தாழ 238 மில்லியன். 100-ஐ 238-ஆல் வகுத்து 365-ஆல் பெருக்கு. 153 நாள், ஐந்து மாதச் சரக்கு. கிறிஸ்துமஸ் விற்பனை முடிந்த மறுவாரம் கிடங்கு துடைத்துவிட்ட மாதிரி இருக்க வேண்டிய தொழிலில்!

அடுத்து நடந்ததுதான் பாடம். கப்பல் கிடைக்காது என்ற பயத்தில் முன்கூட்டியே ஆர்டர் கொடுத்து, கொள்கலனுக்கு அநியாய வாடகை கட்டிக் கொண்டுவந்த சரக்கு அது. அந்த வாடகை அன்றே செலவுக் கணக்கில் ஏறாது. சரக்கின் அடக்கவிலையோடு ஒட்டிக்கொண்டு கிடங்கில் படுத்திருக்கும், விற்கும்போதுதான் வெளியே வரும். 2022-இல் கடைகளிலும் அலமாரி நிரம்பி வழிந்தது, புது ஆர்டர் இல்லை. தள்ளுபடி போட்டுத்தான் தள்ள முடிந்தது. அதிக அடக்கவிலை, குறைந்த விற்பனைவிலை: மொத்த லாப விகிதம் 35 விழுக்காட்டிலிருந்து 20-ஐ ஒட்டி இறங்கியது. விற்பனை 240 மில்லியனுக்குச் சரிந்து, ஏறத்தாழ 60 மில்லியன் நட்டம். விளையாடுகிறவர்கள் காணாமல் போகவில்லை, சேகர். அவர்கள் காதில் ஏற்கெனவே ஒரு ஹெட்செட் இருந்தது.

நீ பெருமையாகச் சொன்ன 2024-இன் 44 விழுக்காட்டு வளர்ச்சிக்கும் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த மார்ச்சில் கன்ட்ரோலர் செய்யும் பிடிபி நிறுவனத்தை 118 மில்லியனுக்கு வாங்கினார்கள். அதன் ஒன்பது மாத விற்பனை அதற்குள்ளே உட்கார்ந்திருக்கிறது. வாங்கிய வளர்ச்சி வேறு, வளர்ந்த வளர்ச்சி வேறு.

கொசுவர்த்திக்கும் ஒரு குட்டு. "இவனிடம் என்ன இருக்கு" என்றால், உரிமம் இருக்கிறது. எக்ஸ்பாக்ஸோடு கம்பியில்லாமல் பேச மைக்ரோசாஃப்ட் அனுமதி வேண்டும். 2023 நவம்பரில் அனுமதியில்லாத துணைக்கருவிகளை அவர்கள் முடக்கியது நினைவிருக்கும். சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைகளில் கிடைக்கும் மலிவுச் சரக்கு அந்தக் கதவை இடித்துத் திறக்க முடியாது. ஆனால் சாவி மைக்ரோசாஃப்ட் கையில், இவர்கள் கையில் இல்லை. வால்மார்ட், பெஸ்ட் பை, அமேசான் போன்ற சில பெரிய கடைகளை நம்பியே பிழைப்பு ஓடுகிறது என்பதையும் மறந்துவிடாதே.

"தேய்ந்தால் திரும்ப வாங்குவார்கள்" என்ற உன் வாதம் பாதி சரி. நம்மூர்ப் புழுக்கத்தில் காதுமெத்தையின் செயற்கைத்தோல் ஈரத்தில் சிதைந்து, கறுப்புப் பொடியாகக் கன்னத்தில் ஒட்டும். ஆனால் அப்போது அவன் வாங்குவது புது மெத்தை. ஹெட்செட்டே வாங்கினாலும் வேறு பெயராக இருக்கலாம். கட்டிப்போடும் சந்தா எதுவும் இங்கே இல்லை.

ஆகவே நீ செய்ய வேண்டியது: அமெரிக்கப் பங்கு ஆணையத்தின் எட்கார் தளத்தில் இவர்களின் பங்குக் குறியீடான டிபிசிஎச் (TBCH) என்று தேடி 10-க்யூ என்ற காலாண்டு அறிக்கையை எடு, காசு கிடையாது. கையிருப்பு, கடைகளிடமிருந்து வர வேண்டிய பாக்கி, திரும்பி வரும் சரக்குக்கான ஒதுக்கீடு, இந்த மூன்றையும் போன ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிடு. முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டால் ஏமாறுவாய். செப்டம்பரில் பண்டிகைக்காகக் கிடங்கு எப்படியும் வீங்கும். விற்பனையைவிடப் பாக்கி வேகமாக ஏறினால் சரக்கைக் கடையில் திணிக்கிறார்கள் என்று சந்தேகப்படு. சில செலவுகளை ஒதுக்கிவிட்டு நிர்வாகம் சொல்லும் "சரிசெய்த லாபம்" அறிக்கையில் கடைசியாகப் படிக்க வேண்டியது.

1337 என்ற பங்கு எண்ணையும் நினைத்துக்கொள். நம்மூர் ரேசர் 2017-இல் ஹாங்காங்கில் 3.88 ஹாங்காங் டாலருக்கு வந்தது. 2022-இல் பங்குகளை 2.82-க்குத் திரும்ப வாங்கிச் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பொருள் அப்போதும் பிரமாதமாகத்தான் இருந்தது, பெருவிரைவு ரயிலில் பாதிப் பிள்ளைகள் பையில் அந்தப் பச்சைப் பாம்பு.

அடுத்த அறிக்கை வந்ததும் அந்த மூன்று எண்களை மட்டும் அனுப்பு. கொசுவர்த்தியை அதுவரை மூட்டிவிடாதே. முறுக்கு இன்னும் பாதி இருக்கிறது, ஞாயிறு காலை தேக்காவுக்கு வந்தால் தேத்தண்ணி என் செலவு.

உன்,
மணி