சிலை போதும், முரளியின் மேடையைக் காட்டுங்கள்

கேரள சங்கீத நாடக அகாதமியின் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

திருச்சூரில் நீங்கள் நடத்தும் சர்வதேச நாடக விழாவுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ரயிலேறி வரும் கூட்டத்தில் நானும் ஒருவன். உங்கள் வளாகத்தில் நடிகர் முரளி பெயரில் ஓர் அரங்கம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து எந்தெந்த நாட்டு நாடகங்களையோ பார்த்திருக்கிறேன். முரளி நடித்த நாடகம் ஒன்றைப் பார்க்கத்தான் வழியில்லை. அதைக் கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நான் சொல்வது நம்ம ‘இதயம்’ முரளியை அல்ல. ‘ஜெமினி’யில் கமிஷனர் சிங்கபெருமாளாக வந்தாரே, அவர். ஒருவரை ஒருவர் வெட்டத் துடிக்கும் இரண்டு ரவுடிகளை ஒரே அறையில் அடைத்துவிட்டு, நீங்களே அடித்துக்கொண்டு சாகுங்கள் என்று விட்டுவிடும் அதிகாரி. மிரட்டும் வேலையைக் கண்ணிடமும் குரலிடமும் விட்டுவிட்டு, உடம்பைச் சும்மா வைத்திருப்பார். பரத் முரளி என்றால் இங்கே பலருக்குச் சட்டென்று பிடிபடும். ‘ஆதவன்’ படத்தின் நீதிபதியும் அவர்தான். 2009 ஆகஸ்ட் 6 அன்று, 55 வயதில் போய்விட்டார். படம் அந்த வருடத் தீபாவளிக்குத்தான் வந்தது.

சரி, சிலை விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு வெண்கலத்தில் மார்பளவுச் சிலை செய்யக் கொடுத்தீர்கள். வந்த சிலையில் முரளி இல்லை. திருத்தச் சொல்லிப் பார்த்தும் முகம் ஒட்டவில்லை. கடைசியில் சிற்பிக்குக் கொடுத்திருந்த 5.70 லட்சம் ரூபாயைத் திருப்பிக் கேட்க, அவரால் முடியாமல் போக, 2023இல் அரசு அந்தத் தொகையைத் தள்ளுபடி செய்தது. பத்திரிகைகள் சிரித்தன. எனக்கு அந்தச் சிற்பி மேல் கோபமில்லை. முரளியின் முகம் அப்படிப்பட்டது. அசையாமல் நிறுத்தினால் கடைத்தெருவில் தினம் பார்க்கிற யாரோ ஒருவர். பேச ஆரம்பித்தால்தான் அவர் முரளி. இதில் ஒரு வேடிக்கை வேறு: 1993இல் பரதன் எடுத்த ‘வெங்கலம்’ படத்தில் வெண்கலம் வார்க்கும் மூசாரியாக நடித்தவரே இவர்தான்.

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பதில் சினிமாவில் இல்லை. கொல்லம் மாவட்டத்துக் குடவட்டூர்க்காரர். சட்டம் படித்தவர், குமாஸ்தா வேலை பார்த்தவர். திருவனந்தபுரத்தில் நரேந்திர பிரசாத் நடத்திய ‘நாட்டியகிருகம்’ குழுவில் சேர்ந்தார். ஆங்கிலப் பேராசிரியரும் விமர்சகருமான அந்த நரேந்திர பிரசாத்தே பின்னால் மலையாள சினிமாவில் பேர்போன வில்லனானது தனிக்கதை. முரளி முதலில் நடித்த படம் பரத் கோபி இயக்கிய ‘ஞாற்றடி’. அது திரைக்கே வரவில்லை. ஒரு நாடகக்காரர் இயக்கத்தில் இன்னொரு நாடகக்காரர். 1986இல் ஹரிஹரனின் ‘பஞ்சாக்னி’ வந்த பிறகுதான் கேரளம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

அதன்பின் நடந்ததெல்லாம் பதிவில் இருக்கிறது. ‘அமரம்’ படத்தில் மம்மூட்டிக்கு ஈடுகொடுத்து நிற்கும் மீனவர் கொச்சுராமன். ‘ஆகாசதூது’வில், குடியில் தன்னையும் வீட்டையும் கரைக்கும் டிரைவர். நான்கு முறை சிறந்த நடிகருக்கான மாநில விருது. பிரியநந்தனன் இயக்கிய ‘நெய்த்துகாரன்’ படத்துக்காக 2001ஆம் ஆண்டின் தேசிய விருது. கம்யூனிஸ்ட் தலைவர் ஈ.எம்.எஸ். மறைந்த செய்தி வந்த நாளில் தன் வாழ்க்கையையும் இயக்கத்தையும் நினைத்துப் பார்க்கிற கிழட்டு நெசவாளி அவர் அதில். முதுமையைக் காட்ட நடுங்கவோ இருமவோ மாட்டார். கேட்கிற ஒவ்வொரு சொல்லும் உள்ளே போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகிறது, அவ்வளவுதான். அந்தத் தாமதத்திலேயே வயது தெரிந்துவிடும். இதையெல்லாம் நான் வீட்டிலிருந்தே, நினைத்த நேரத்தில், வேண்டுமானால் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொள்ள முடிகிறது.

மேடை முரளியை அப்படிப் பார்க்க முடியவில்லை. சினிமாவில் நிலைபெற்ற பிறகும் அவர் மேடைக்குத் திரும்பி, சி.என். ஸ்ரீகண்டன் நாயரின் ‘லங்காலட்சுமி’யைத் தனி ஆளாக நடித்தார். ராவணனாக. ராமாயணத்தை வைத்து எழுதப்பட்ட மூன்று நாடகங்களில் ஒன்று அது. பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசும்போது குரல் மாறுகிறது. குளோசப் இல்லை, வெட்டி ஒட்ட எடிட்டர் இல்லை, கூட நடிக்க ஆளில்லை. ஒரு மனிதர் தன் மூச்சை மட்டும் நம்பி இலங்கையைக் கட்டி, தானே அதை எரியவும் விட வேண்டும். ‘நெய்த்துகார’னின் அந்தத் தாமதத்தை மேடையில் எப்படிக் கையாண்டார்? கடைசி வரிசைக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்தது? ஒரு நடிகனின் தொழிலைப் புரிந்துகொள்ள இவைதானே கேள்வி. பதில் சொல்ல வேண்டிய பாதி நம் கையில் இல்லை.

இது முரளி ஒருவரின் கதையும் அல்ல. மலையாளத்துக்குச் சிறந்த நடிகர் தேசிய விருது வாங்கிக் கொடுத்தவர்களில் சிலரை எண்ணிப் பாருங்கள். ‘நிர்மால்யம்’ பி.ஜே. ஆண்டனி, ‘கொடியேற்றம்’ கோபி, ‘பிறவி’ பிரேம்ஜி, அப்புறம் முரளி. இவர்கள் நால்வரும் மேடையில் உருவானவர்கள். விருது வாங்கித் தந்த படம் பத்திரமாக இருக்கிறது. அந்த நடிகரை உருவாக்கிய மேடை, பார்த்தவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. பார்த்தவர்களுக்கும் வயதாகிறது. எங்கள் பக்கமும் யோக்கியம் என்று சொல்ல மாட்டேன். சென்னையின் கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் பயின்று சினிமாவுக்குப் போன பசுபதியையும் குரு சோமசுந்தரத்தையும் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் மேடையில் செய்ததைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஆனால் எங்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: 1958இல் நேரு திறந்துவைத்த காலத்திலிருந்து, நாடகத்துக்கென்று ஒரு வளாகம், நிதி, ‘கேளி’ என்று ஒரு பத்திரிகை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

கேட்பது பெரிய காரியமில்லை. முரளியின் மேடை நடிப்பு தொடர்பாக உங்கள் அலமாரிகளில் என்னென்ன இருக்கின்றன, அதைப் பட்டியலாக வெளியிடுங்கள். ஒளிப்பதிவு, ஒலிநாடா, புகைப்படம், நோட்டீஸ், கைப்பிரதி, எதுவானாலும். இருப்பது கொஞ்சம்தான் என்றால் அதையும் சொல்லுங்கள். வீட்டுப் பரணில் கேசட் வைத்திருக்கும் யாராவது எடுத்துக்கொண்டு வருவார்கள். நாடகப் பதிவு என்றால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அரங்கின் பின்னால் ஒரே ஒரு கேமரா, நடிகர் விரல் உயரம், வசனத்தைவிட மின்விசிறிச் சத்தம் பெரிதாகக் கேட்கும். பரவாயில்லை. அந்த விரல் உயர ராவணனைப் பார்க்க அடுத்த ரயிலைப் பிடிக்க நான் தயார்.

உரிமைப் பிரச்சினை வரும் என்பீர்கள். வரத்தான் செய்யும். நாடக ஆசிரியரின் குடும்பம், நடிகரின் குடும்பம், இயக்குநர், பதிவு செய்தவர் என்று நாலு பக்கமும் அனுமதி வாங்க வேண்டும். ஒரு தனி ஆளோ சின்னக் குழுவோ இதைச் செய்ய முடியாது. அகாதமி கடிதம் போட்டால் பதில் வரும். இணையத்தில் போட முடியாவிட்டால் உங்கள் வளாகத்திலேயே இருக்கும் கே.டி. முகம்மது அரங்கத்தில் திரையிடுங்கள்.

பதிவே கிடைக்காத நாடகங்களுக்கு ஆட்களைத் தேடிப் போங்கள். உடன் நடித்தவர்கள், ஒளியமைத்தவர், ஒப்பனை போட்டவர், திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுத்தவர். எந்த வரியில் அவர் நின்றார், எங்கே நகர்ந்தார் என்பது ஒளியமைப்பாளருக்கு மறக்காது. விளக்கு அவரோடு நகர வேண்டுமே. 1950களில் மேடையேறியதற்காகக் கல்லெறி வாங்கிய நாடக நடிகை நிலம்பூர் ஆயிஷாவின் தலைமுறையில் இன்னும் இருப்பவர்களிடமும் இதே வேலையை உடனே தொடங்கலாம்.

முரளி உங்கள் தலைவராக இருந்தபோதுதான் 2008இல் சர்வதேச நாடக விழா ஆரம்பித்தது. வெளியூர்க்காரர்களான நாங்கள் உங்கள் வாசலுக்கு வரத் தொடங்கியதற்கு அவரும் காரணம். வருகிற விழாவில் ஒரு மாலையை அவருடைய மேடைக்கென்று ஒதுக்குங்கள். அதற்கு முன்னால் பட்டியல் வரட்டும். பதிவு கிடைத்தால் தமிழ் வசனவரிகளை எழுதித் தர இங்கே நாடக நண்பர்கள் இருக்கிறார்கள், காசு கேட்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
பக்கத்து மாநிலத்து நாடகப் பார்வையாளன்