தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே,

பன்னிரண்டாம் வகுப்பில் கரைதிறன் பெருக்கம், அதாவது அரிதில் கரையும் உப்பின் அயனிகள் நீரில் எவ்வளவு தங்கலாம் என்பதன் அளவு, நடத்தும்போது நாம் கரும்பலகையில் எழுதுவது சில்வர் குளோரைடு. நானும் பல வருடம் அதைத்தான் எழுதினேன். ஒருநாள் கணக்குக்கு விடை சொல்ல எழுந்த மாணவி, துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டே பேசினாள். பல்லின் குறுக்கே பழுப்புக் கோடுகள், குடிநீரில் ஃப்ளூரைடு மிகுந்தால் வரும் ஃப்ளூரோசிஸ் நோய். நம் ஊர்களில் இது புதிதல்ல. ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, பலகையில் இருக்க வேண்டியது கால்சியம் ஃப்ளூரைடு என்று.

அதன் கரைதிறன் பெருக்கம் சுமார் 3.5 × 10⁻¹¹. நம் பாறையில் ஃப்ளூரைடு தாதுக்கள் இருக்கின்றன. போர் தண்ணீர் வருடக்கணக்கில் அவற்றோடு உரசிக் கிடக்கிறது. அந்தத் தண்ணீரில் எவ்வளவு ஃப்ளூரைடு தங்கலாம் என்பதைக் கூடவே இருக்கும் கால்சியம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. லிட்டருக்கு 20 மி.கி. கால்சியம் இருந்தால், தெவிட்டிய நிலையில் 5 மி.கி. ஃப்ளூரைடு வரை தாங்கும். கால்சியம் 80 ஆனால் ஃப்ளூரைடு 2.5. நான்கு மடங்குக்குப் பாதி. ஒரு அயனி கூடினால் அதன் ஜோடி அயனி குறையும் பொது அயனி விளைவுக்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியவில்லை.

இனி நம் வீட்டு அடுப்படிக்கு வாருங்கள். பருப்பு சீக்கிரம் வெந்தால், சோப்பு நன்றாக நுரைத்தால், அது நல்ல தண்ணீர் என்பது நம் பெண்களின் அனுபவக் கணக்கு. கடினத்தன்மையைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் பைகார்பனேட் மிகுந்த போர் தண்ணீரில் கால்சியம் கார்பனேட்டாக வெளியேறிவிட, கால்சியம் குறைந்த அந்த மென்னீரில்தான் ஃப்ளூரைடு தாராளமாகத் தங்குகிறது. நாக்குக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. கொதிக்க வைத்தால் போய்விடும் என்று பிள்ளைகளின் வீடுகளில் நம்புகிறார்கள். போகாது. பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு படிகிறது, நீர் ஆவியாகிறது, ஃப்ளூரைடு மட்டும் அப்படியே நின்று கொஞ்சம் செறிவும் கூடுகிறது.

“அப்படியென்றால் சுண்ணாம்பைப் போட்டால் போதுமா சார்?” என்று எந்த வகுப்பிலும் ஒரு பிள்ளையாவது கேட்கும். அவர்களையே கணக்குப் போட விடுங்கள். ஃப்ளூரைடு, குடிநீருக்கு உச்ச வரம்பான 1.5 மி.கி.க்கு இறங்க, கால்சியம் 220 மி.கி.க்கும் மேல் வேண்டும். குடிநீரில் கால்சியத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்சமே 200. அந்த 200க்குள் நின்றால், சமநிலை ஃப்ளூரைடை 1.5 வரை இறங்க விடாது. அதனால்தான் நாக்பூரிலுள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் (நீரி) ஃப்ளூரைடு நீக்க உருவாக்கிய நல்கொண்டா முறையில் சுண்ணாம்போடு படிகாரமும் சேர்கிறது. அங்கே வேலை செய்வது அலுமினியம் ஹைட்ராக்சைடு திப்பி. ஃப்ளூரைடு அதில் ஒட்டிக்கொண்டு அடியில் இறங்குகிறது.

அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இந்த நோய் 1937இலேயே பதிவானது. நமக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல்தான் வந்தது. வந்த பிறகும், குழாயில் தண்ணீர் வராத நாளில் மக்கள் போரடியில்தான் குடத்தை வைக்கிறார்கள். பால்பல் விழுந்து முளைக்கும் நிரந்தரப் பற்கள், குழந்தை எட்டு வயதைத் தொடும் வரை ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருப்பவை. அந்த வருடங்களில் குடித்த தண்ணீர்தான் பதினேழு வயதில் துப்பட்டாவுக்குப் பின்னால் ஒளிகிறது.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே. இந்தப் பாடம் வரும் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டு வரட்டும். கண்ணாடி பாட்டில் வேண்டாம், பிளாஸ்டிக் போதும். அதில் கொஞ்சத்தைத் தனியே ஊற்றி, சிர்கோனியம் அலிசரின் என்ற சாயக் கரைசலைச் சில சொட்டு விடுங்கள். ஃப்ளூரைடு கூடக் கூட இளஞ்சிவப்பு வெளுத்து மஞ்சளுக்கு மாறும். மஞ்சளாக மாறிய தண்ணீரின் மீதி பாட்டில்களை மாவட்டத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்பி அளவைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் அடுத்த நாள் கணக்கைப் பலகையில் எழுத வேண்டும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்