பாறை மேல் ஒரு ஆட்டுப்பட்டி

அன்புள்ள சரசு,

உன் கடிதம் நான் ஊரில் இல்லாத நேரத்தில் வந்து, பக்கத்து வீட்டு அக்காவிடம் பத்திரமாக இருந்தது. மூட்டு வலி தேவலை என்று எழுதியிருந்தாய், படித்ததும் மனசு லேசாகிவிட்டது. கறுப்பு வெள்ளாடு மூணு குட்டி போட்டு மூணும் பிழைத்துக்கொண்டதாமே! அந்த மூணாவது குட்டிக்கு நீ புட்டிப்பால் கொடுத்து எழுப்பியதை இரண்டு தடவை படித்தேன்.

எங்கே போயிருந்தாய் என்று கேட்டிருந்தாய். தங்கச்சி மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள் அல்லவா, அவளும் மாப்பிள்ளையும் ஜூன் மாதம் என்னை நார்வேக்குக் கப்பலில் கூட்டிப்போனார்கள். சவுத்தாம்ப்டனில் ஏறி, ஏழு ராத்திரி கழித்து அங்கேயே இறங்கினோம். முதல் நாள் கடல் ஆட்டத்தில் தலை தூக்க முடியவில்லை, எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே படுத்துக்கிடந்தேன். கப்பல் மலைகளுக்கு நடுவே நுழைந்ததும் ஆட்டம் நின்றுவிட்டது. அந்த மாதிரி இடத்தைத்தான் ஃபியோர்டு என்கிறார்கள். பனியுகத்தில் பனியாறு மலையை அறுத்துக்கொண்டு இறங்கிய பள்ளத்தில், பனி உருகிய பிறகு கடல் வந்து நிரம்பியிருக்கிறது. சோக்னெஃபியோர்டு என்று ஒன்று, கடலிலிருந்து 205 கிலோமீட்டர் நாட்டுக்குள்ளே போகிறது. ஆழம் 1,300 மீட்டர். அதன் ஒரு கிளையின் முனையில் ஃப்லோம் என்ற ஊரில் இறங்கி, 20 கிலோமீட்டர் மலை ரயிலில் ஏறி இறங்கினோம். பெர்கனில் மழை பெய்தபடியே இருந்தது. மர வீடுகள் வரிசையாக நிற்கிற பழைய துறைமுகத் தெருவை நனைந்துகொண்டே பார்த்தோம். இதையெல்லாம் போட்டோவில் பார்த்துக்கொள். உன்னிடம் சொல்ல வேண்டியது கெய்ராங்கர் என்ற இன்னொரு ஃபியோர்டைப் பற்றித்தான்.

காலை ஆறு மணிக்கே மேல் தளத்துக்குப் போய்விட்டேன். இரண்டு பக்கமும் செங்குத்தாகப் பாறை, நடுவில் அசையாத பச்சைத் தண்ணீர். ஒரு பக்கத்தில் ஏழு அருவி சேர்ந்தாற்போல் விழுகிறது, ஏழு சகோதரிகள் என்று பேர். பனி உருகுகிற மாதமானதால் ஏழும் நிறைந்து விழுந்தது. எனக்கு நம் ஏரிக்கரைக் கன்னிமார் ஞாபகம் வந்துவிட்டது. எதிர்ப்பாறையில் ஒற்றை அருவி, அதற்கு மாப்பிள்ளை கேட்டு வந்தவன் என்று பேர். ஏழு பேரும் வேண்டாம் என்றுவிட்டார்களாம்.

அப்போது ஒலிபெருக்கியில் ஒருத்தர், பாறை மேலே பாருங்கள், பழைய பண்ணை வீடு என்றார். எல்லோரும் போன் தூக்கினார்கள். இரண்டு நிமிஷத்தில் கப்பல் தாண்டிவிட்டது. தண்ணீருக்கு மேலே 250 மீட்டர் உயரத்தில், பாறை கொஞ்சம் மடிந்த இடத்தில், ஒட்டிவைத்தாற்போல் மர வீடுகள். ஸ்காகெஃப்லோ என்று பேர். அங்கே என்ன விளைந்திருக்கும் என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். போனில் தேடிப் பார்த்துவிட்டு, "ஆடு, பெரியம்மா. நூற்றுக்கு மேலே ஆடு வைத்திருந்தார்களாம்" என்றார். சரசு, அந்த நிமிஷமே எனக்கு நீதான் நினைவுக்கு வந்தாய். நான் அங்கே ஏறிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஃபியோர்டின் முனையில் அதே பேருள்ள கெய்ராங்கர் ஊரில் கப்பல் சாயங்காலம் வரை நின்றது. ஊரில் மொத்தமே இருநூறு சொச்சம் பேர்தான். அங்கிருந்து சின்னப் படகு ஒன்று நம்மைப் பாறை அடிவாரத்தில் இறக்கிவிட்டு, சொன்ன நேரத்துக்குத் திரும்பி வருகிறது. படகில் போகும்போது தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பே தெரியவில்லை. அருவித் தண்ணீர் லேசானதால் கடல் தண்ணீருக்கு மேலே ஒரு படலமாக நிற்கிறதாம்.

ஏறுவதற்கு எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. வழி நெட்டுக்குத்து. சில இடத்தில் பிடித்துக்கொள்ளச் சங்கிலி போட்டிருக்கிறார்கள். நான் வெறுங்கையோடு ஏறினேன். அந்தக் காலத்துப் பெண்கள் மாவு மூட்டையைச் சுமந்து ஏறியிருக்கிறார்கள், வயிற்றில் பிள்ளையோடும் ஏறியிருப்பார்கள். கீழே தண்ணீர்தான் ரோடு. எது வேண்டுமென்றாலும் படகு, பிறகு முதுகு.

மேலே போனால் நம் களத்துமேடு அளவுக்குப் புல்தரை, கருத்துப்போன மரச்சுவர் வீடுகள், கல் அடுக்கிக் கட்டின சுவர். புல்தரை முடிகிற இடத்தில் ஒன்றுமே இல்லை, நேராகத் தண்ணீர். தவழுகிற பிள்ளைகள் விழுந்துவிடாமல் இடுப்பில் கயிறு கட்டி வைத்திருந்தார்களாம். நாம் குட்டியைக் கொடாப்புப் போட்டு மூடுகிறோமே, அப்படி. வரி வாங்க ஆள் வந்தால் வழியில் இருக்கிற ஏணியை மேலே இழுத்துவிடுவார்கள் என்றும் சொல்கிறார்கள். அந்த ஏணிக் கதையைக் கேட்டுச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் கண் கயிறு கட்டியிருக்கக்கூடிய இடத்தையே தேடிக்கொண்டிருந்தது.

1916-இல் கடைசிக் குடும்பமும் இறங்கிப் போய்விட்டது. பிறகு அந்த ஃபியோர்டுக்காரர்கள் சிலர் சேர்ந்து சங்கம் வைத்து, இந்த மாதிரி வீடுகளைப் பழுதுபார்த்துக் காப்பாற்றுகிறார்கள். 1993-இல் நார்வே அரசரும் அரசியும் தங்கள் 25-ஆவது கல்யாண நாளை இங்கே வந்துதான் கொண்டாடினார்கள். எத்தனையோ மாளிகை இருக்க, இந்த ஆட்டுப்பட்டிக்கு வந்தார்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

நாங்கள் உட்கார்ந்திருந்தபோது கீழே இன்னொரு கப்பல் போனது. காலையில் நான் கேட்ட மாதிரியே ஒலிபெருக்கிச் சத்தம் பாறையில் மோதி மேலே வந்தது. பண்ணை வீட்டைப் பற்றித்தான் சொல்லியிருப்பார்கள். இரண்டு நிமிஷத்தில் அதுவும் போய்விட்டது. அதன் புகை மட்டும் போகவில்லை சரசு. காற்றே இல்லாத பள்ளம், சாம்பல் நிறத்தில் கோடாகத் தொங்கிக்கொண்டே இருந்தது. நான் வந்த கப்பலும் அப்படித்தானே விட்டிருக்கும் என்று சங்கடமாகிவிட்டது. உலக பாரம்பரியச் சின்னமாக 2005-இல் அறிவித்த ஃபியோர்டுகளில் 2026 முதல் சின்னக் கப்பல்கள் புகையே விடக்கூடாது, பெரிய கப்பல்களுக்கு 2032 வரை தவணை என்று நார்வேயில் சட்டம் போட்டிருக்கிறார்கள். பேட்டரியில் ஓடுகிற படகுகள் இப்போதே அங்கே நிறைய. இன்னொரு தரம் போக வாய்த்தால் அந்தப் படகில்தான் போவேன். நீயும் வருவாயானால் கப்பலே வேண்டாம், ஊரிலேயே ரூம் எடுத்து நான்கு நாள் தங்குவோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கெய்ராங்கருக்கு வருகிற வழியில் ஓக்கர்நெசெட் என்று ஒரு மலைச்சரிவு இருக்கிறது. அதில் விழுந்திருக்கிற பிளவு வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் அகன்றுகொண்டே போகிறது. மொத்தமாகச் சரிந்து தண்ணீரில் விழுந்தால் ஆழிப்பேரலை எழும்பி, கெய்ராங்கர் நிமிஷக் கணக்கில் மூழ்கிவிடும். அதனால் ராத்திரி பகலாகக் கருவி வைத்துக் கண்காணிக்கிறார்கள். இது வெறும் பயமில்லை. 1934 ஏப்ரலில், பக்கத்துக் கிளையான தாஃபியோர்டில் நடுராத்திரி பாறை சரிந்து, எழும்பின அலையில் 40 பேர் செத்துப்போனார்கள். கரையோரக் கடையில் இருந்த பெண்ணிடம் பயமாக இல்லையா என்று கேட்கச் சொன்னேன். "மலையைக் கவனிக்க ஆள் இருக்கிறார்கள், சங்கு ஊதினால் மேட்டுக்கு ஓடுவோம்" என்றாள். சொல்லிக்கொண்டே பில் போட்டாள்.

அவளிடம்தான் உனக்காக ஒன்று வாங்கினேன். ப்ரூனோஸ்ட் என்று ஒரு பழுப்பு நிறக் கட்டி. ஆட்டுப்பாலைத் திரித்துக் கட்டி எடுத்த பிறகு மிஞ்சுகிற தண்ணீரை நாம் கொட்டிவிடுகிறோமே, அதைக் கொட்டாமல் மணிக்கணக்கில் அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சுகிறார்கள். பாலிலிருக்கிற இனிப்பு கருகாமல் பழுப்பாகிற பதத்தில் இறக்கிக் கட்டியாக்குகிறார்கள். மெல்லிசாகச் சீவி, சுடச்சுட ஒரு பணியாரத்தில் வைத்துக் கொடுத்தாள். முதலில் நம் திரட்டுப்பால், பின்னாலேயே ஒரு உப்பு, கடைசியில் ஆட்டு வாசம். தங்கச்சி மகளுக்குப் பிடிக்கவில்லை. நான் இரண்டு சாப்பிட்டேன்.

இப்போது ஒரு பொட்டலம் என் பிரிட்ஜில் இருக்கிறது. மாரியம்மன் நோம்பிக்கு வரும்போது கொண்டுவருகிறேன். அதற்குள் குட்டிகள் பால் மறந்திருக்கும், கறுப்பு ஆட்டுப் பால் உனக்கு மிஞ்சும். நான்கு நாள் சேர்த்துத் திரித்து, தண்ணீரைக் கொட்டாமல் வை. உன் அம்மாவின் அந்தப் பெரிய இரும்பு வாணலி இன்னும் இருக்கிறது அல்லவா? விறகு அடுப்பில் நாமே காய்ச்சிப் பார்ப்போம். கிண்டுவதற்கு நான் உட்கார்ந்துகொள்கிறேன், நீ மூட்டை மடக்காதே.

உன்
செல்வி