எந்தப் பக்கம் நின்றார் என்று கேட்டுச் சொல்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. பதில் போடாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே, பட்டுப்புழு நாலாவது தோல் உரித்து எழுந்ததிலிருந்து இங்கே யாருக்கும் தூக்கம் இல்லை, விடியற்காலை இரண்டு மணிக்குக்கூட மல்பெரி இலை போட வேண்டியிருந்தது. நேற்றுத்தான் எல்லாவற்றையும் கூடு கட்டுகிற சந்திரிகைத் தட்டில் ஏற்றி முடித்தோம். கூடு கெட்டியாக வரும் போலத் தெரிகிறது. தருமபுரி அங்காடியில் அன்றைக்கு என்ன விலை கிடைக்கிறதோ பார்க்கலாம். உன் தங்கச்சி நன்றாக இருக்கிறாள், முட்டி வலிதான் விடவில்லை. மருமகளுக்கு ஓசூரிலேயே வேலை கிடைத்ததைப் படித்துக் காட்டினேன், அவளுக்கு ரொம்ப சந்தோஷம்.

சரி, நீ எழுதியிருந்த விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை கிருஷ்ணகிரியில் கல்யாணத்தில், உங்கள் கட்சி எம்.பி.யும் மற்றவர்களைப் போலத்தான் என்று நான் பேசியதை நீ இன்னும் மனதில் வைத்திருக்கிறாய். "எங்க ஆள் ஆரம்பத்திலிருந்து தகவல் உரிமைச் சட்டத்துக்கு ஆதரவா நின்னவர், அவரைப் போய் மத்தவங்களோட ஒரே தராசுல வைக்கிறியே" என்று எழுதியிருக்கிறாய். இருபது வருஷமாக பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தவன் நீ, உனக்கு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அன்று பேசியதோடு விடாமல், நிஜமாகவே அவர் எந்தெந்தச் சட்டத்துக்கு எந்தப் பக்கம் நின்றார் என்று உட்கார்ந்து தேடினேன். பையன் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்தான். பி.ஆர்.எஸ். என்று ஒரு நிறுவனம் எல்லா எம்.பி.க்களின் கணக்கையும் போடுகிறது. எத்தனை நாள் சபைக்கு வந்தார், எத்தனை கேள்வி கேட்டார், எத்தனை விவாதத்தில் பேசினார், எல்லாம் இருக்கிறது. ஒன்றே ஒன்று இல்லை. எப்படி ஓட்டுப் போட்டார் என்பது இல்லை.

அது அவர்களுடைய தப்பு இல்லை மச்சான். அந்தக் கணக்கே பெரும்பாலும் எங்கேயும் கிடையாது. நம் நாடாளுமன்றத்தில் அநேக மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. ஆதரிப்பவர்கள் ஆம் என்கிறார்கள், எதிர்ப்பவர்கள் இல்லை என்கிறார்கள், எது பெரிய சத்தம் என்று சபாநாயகர் காதால் கேட்டுச் சொல்லிவிடுகிறார். அதை ஒத்துக்கொள்ளாத உறுப்பினர் டிவிஷன், அதாவது ஓட்டுகளை எண்ணிப் பார்க்கும் வாக்கெடுப்பு, கேட்கலாம். கேட்டு, சபாநாயகரும் ஒத்துக்கொண்டால்தான் பெயர் வாரியாகப் பதிவாகும். கேட்டும் கிடைக்காமல் போனதும் உண்டு. 2020 செப்டம்பர் 20-ஆம் தேதி மாநிலங்களவையில் விவசாயச் சட்டங்கள் வந்தபோது டிவிஷன் வேண்டும் என்று கத்தினார்கள், கொடுக்கவில்லை.

இதை எழுதும்போது 2017 பிப்ரவரி 18 ஞாபகத்துக்கு வருகிறது. நம் சட்டமன்றத்தில் எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை கோரிய நாள். சட்டை கிழிந்தது, திமுகவினரை வெளியே தூக்கிப் போட்டார்கள், அத்தனையும் நடந்த பிறகு பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். ஆதரவு 122, எதிர்ப்பு 11. ரகசிய ஓட்டு வேண்டும் என்று கேட்டவர்களுக்குச் சபாநாயகர் சம்மதிக்கவில்லை. யார் எந்தப் பக்கம் என்று அன்று சாயங்காலத்துக்குள் அரூர்க்காரனுக்கும் தெரிந்தது, பாப்பிரெட்டிப்பட்டிக்காரனுக்கும் தெரிந்தது. அதே வருஷம் செப்டம்பரில் 18 எம்.எல்.ஏ.க்களைத் தகுதி நீக்கம் செய்தார்களே, அதில் இந்த இரண்டு தொகுதிக்காரர்களும் இருந்தார்கள், 2019 இடைத்தேர்தல் வரைக்கும் நம் மாவட்டத்தில் இரண்டு தொகுதிக்கு ஆளே இல்லை. நாற்காலி போகுமா நிற்குமா என்ற கேள்வி வந்தால் ஒவ்வொரு தலையையும் எண்ணத் தெரிகிறது. ஜனங்கள் தகவல் கேட்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு மட்டும் சத்தம் போதும் என்கிறார்கள். இதுதான் மச்சான் என் மனதைப் போட்டு அறுக்கிறது.

உன் ஆளைப் பற்றித் தனியாக எதுவும் கிடைக்காததால் கட்சிகளின் கணக்கைப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு எந்தக் கட்சிக்காரனும் நெஞ்சை நிமிர்த்திப் பேச முடியாது என்றுதான் தோன்றுகிறது.

2005 மே மாதம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இரண்டு அவைகளிலும் நிறைவேறியது, அக்டோபர் 12-இல் அமலுக்கு வந்தது. காங்கிரஸ் தலைமையிலான அரசு கொண்டுவந்த சட்டம், அதற்காக அவர்களுக்கு நான் எப்போதும் நன்றி சொல்வேன். ஆனால் 2013 ஜூன் 3-ஆம் தேதி மத்திய தகவல் ஆணையம், ஆறு தேசியக் கட்சிகளும் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டவைதான், அவையும் பதில் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டது. போட்ட இரண்டே மாதத்தில், அதே அரசு, கட்சிகளுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கும் திருத்த மசோதாவை மக்களவையில் கொண்டுவந்து வைத்தது. நல்லவேளை, அது நிறைவேறாமல் காலாவதியானது. ஆனால் ஆணையத்தின் உத்தரவை ஆறு கட்சிகளில் ஒன்றுகூட நிறைவேற்றவில்லை. காங்கிரஸும் இல்லை, பாஜகவும் இல்லை, இடதுசாரிகளும் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் அடித்துக்கொள்பவர்கள் இதில் ஒன்று சேர்ந்துவிட்டார்கள்.

2016 ஜூலையில் இன்னொன்று. ஊழல் புகார்களை விசாரிக்க வந்த லோக்பால் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, அரசு ஊழியர்கள் தங்கள் சொத்தையும் மனைவி மக்கள் சொத்தையும் அந்த மாதக் கடைசிக்குள் அறிவிக்க வேண்டும் என்று சொன்னது. அந்தக் கெடு வருவதற்குள் மக்களவையில் 27-ஆம் தேதியும் மாநிலங்களவையில் 28-ஆம் தேதியும் விவாதமே இல்லாமல் அதைத் திருத்திவிட்டார்கள். அந்த லோக்பாலுக்காக 2011-இல் நாம் இருவரும் தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு நின்றோம், ஞாபகம் இருக்கிறதா.

2019-இல் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தில் கை வைத்தார்கள். அதுவரை 5 வருஷம் என்று சட்டத்திலேயே இருந்தது. இனி மத்திய அரசு முடிவு செய்யும் என்று மாற்றி, பிறகு விதிகளில் 3 வருஷமாக்கினார்கள், மாநில ஆணையர்களுக்கும் சேர்த்து. சம்பளம் கொடுப்பவனைப் பார்த்துப் பயப்படாமல் அவனிடமே கணக்குக் கேட்கிற மனுஷன் எத்தனை பேர் இருப்பார்கள், சொல்லு. இதற்கு மட்டும் எண்ணிக்கை கிடைக்கிறது: மக்களவையில் ஆதரவு 218, எதிர்ப்பு 79. மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்கு அனுப்பலாம் என்ற தீர்மானம் 75-க்கு 117 என்று தோற்றது, பிஜு ஜனதா தளமும் தெலங்கானா ராஷ்டிர சமிதியும் அரசுப் பக்கம் போய்விட்டதால்.

ஆனால் எனக்கு ரொம்ப வலித்தது 2023 ஆகஸ்ட்தான். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அதன் உள்ளே 44(3) என்று ஒரு சின்னப் பிரிவு, அது தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றியது. முன்பு தனிப்பட்ட தகவலாக இருந்தாலும், பொதுக் காரியத்தோடு சம்பந்தம் இருந்தால் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அதோடு ஒரு அருமையான வரியும் இருந்தது மச்சான், நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மறுக்க முடியாத தகவலை எந்த ஒரு ஆளுக்கும் மறுக்கக் கூடாது என்று. அதாவது, புழு வளர்க்கிற நானும் டெல்லியில் உட்கார்ந்திருக்கிற எம்.பி.யும் தகவல் கேட்கும்போது ஒரே மாதிரி. அந்த வரியை எடுத்துவிட்டார்கள். இப்போது தனிப்பட்ட தகவல் என்று ஒரு வார்த்தை எழுதினால் மறுத்துவிடலாம். பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்ற 8(2) இன்னும் இருக்கிறதே என்று அரசு சொல்கிறது, இருக்கிறதுதான், ஆனால் பொதுநலன் இருக்கிறது என்று அதிகாரியை நம்பவைக்கிற பாரம் இனி நம் தலையில். நூறு நாள் வேலைப் பட்டியலில் செத்துப்போனவர் பெயர் இருக்கிறதா என்று பார்க்கக்கூட ஒரு பெயர் வேண்டும், பெயர் என்பதே தனிப்பட்ட தகவல்தானே.

அந்த மசோதா இரண்டு அவைகளிலும் குரல் வாக்கெடுப்பில் போய்விட்டது. மாநிலங்களவையில் அது நிறைவேறும்போது எதிர்க்கட்சிகள் மணிப்பூர் பிரச்சினைக்காக வெளிநடப்புச் செய்திருந்தன. மணிப்பூருக்காகக் குரல் கொடுத்ததை நான் குறை சொல்லமாட்டேன், அது பெரிய துயரம். ஆனாலும் பத்துப் பேராவது உள்ளே இருந்து டிவிஷன் கேட்டிருக்க வேண்டாமா? 2025 ஏப்ரலில் அந்த எதிர்க்கட்சிகளின் 'இந்தியா' கூட்டணியைச் சேர்ந்த எம்.பி.க்கள் 120 பேருக்கு மேல் அந்தப் பிரிவை நீக்கு என்று கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்துக்கு நன்றி. ஓட்டுக்குரிய நாளில் நாற்காலி காலியாக இருந்தது, அதையும் நான் மறக்கப்போவதில்லை.

மாநிலத்திலும் இதே கதைதான். சட்டமன்றத்தை நேரலையில் காட்டு என்ற வழக்கை அதிமுக ஆட்சியில் இருந்தவரை எதிர்த்தது, எதிர்க்கட்சி வரிசைக்கு வந்த பிறகு முழு நேரலை கேட்டது. 2021 தேர்தல் அறிக்கையில் நேரலை என்று சொன்ன திமுக, ஆட்சிக்கு வந்ததும் 2022 ஜனவரியில் கேள்வி நேரத்தில் ஆரம்பித்தது, முழுச் சபையையும் அப்போதே காட்டவில்லை. நியாயத்துக்குச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன்: தேர்தல் பத்திரங்களை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15-ஆம் தேதி ரத்துசெய்த பிறகு வெளிவந்த விவரங்களில், யாரிடம் வாங்கினோம் என்று பெயரோடு கொடுத்திருந்த சில கட்சிகளில் திமுகவும் அதிமுகவும் இருந்தன. அது நல்ல காரியம்.

நீ கொறடா உத்தரவைச் சொல்வாய். தெரியும், 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போய்விடும். அவர் நிலைமை எனக்குப் புரிகிறது. ஆனால் ஊருக்கு வந்து, "கட்சி சொன்னதால் ஓட்டுப் போட்டேன், எனக்கு இதில் சம்மதமில்லை" என்று நம் ஜனங்களிடம் சொல்வதை எந்தக் கொறடாவும் தடுக்கவில்லையே. அதைச் சொல்லாமல் மேடையில் வெளிப்படைத்தன்மை என்று பேசும்போதுதான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று நீ கேட்கலாம். போன வருஷம் எங்கள் ஊர் இரண்டு போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்று 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி மனுப் போட்டேன். நம் பக்கத்துப் பிள்ளைகளின் பல்லில் ஏறுகிற காவி நிறம் உனக்குத் தெரியாததா, நம் இருவர் பல்லிலும் அது இருக்கிறதே. ஒகேனக்கல் குடிநீர் 2013-இல் வந்த பிறகு நிலைமை எவ்வளவோ மாறியது உண்மை, ஆனால் அந்தத் தண்ணீர் வராத நாளில் இன்னும் போர்வெல்தான். சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும், வரவில்லை. மேல்முறையீடு போட்ட பிறகு ஒரே ஒரு தாள் வந்தது. ஒரு போர்வெல் அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டி இருந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கிராம சபையில் எழுந்து நின்றேன், அந்தக் குழாயைக் குடிக்க வேண்டாம் என்று பலகை வைத்தார்கள். உன் தங்கச்சி அந்தக் குழாயில் முப்பது வருஷம் தண்ணீர் பிடித்தவள். முட்டி வலிக்கு அதுதான் காரணமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை, ஆனால் அந்தத் தாள் இருபது வருஷம் முன்னால் கையில் கிடைத்திருந்தால் அவள் அங்கே குடத்தை வைத்திருக்கவே மாட்டாள்.

அதனால் ஒரு உதவி கேட்கிறேன். அடுத்த மாதம் உங்கள் கட்சிக் கூட்டத்துக்கு அவர் ஓசூர் வருகிறார் என்று எழுதியிருந்தாய். நான் கேட்டால் எதிர்க்கட்சிக்காரன் என்பார்கள், நீ கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். 2023 ஆகஸ்டில் 44(3) வந்த அன்று நீங்கள் சபையில் இருந்தீர்களா, இருந்தால் ஆம் சொன்னீர்களா இல்லை சொன்னீர்களா என்று மட்டும் கேள். அவர் சொல்கிற பதில் எதுவானாலும் அப்படியே எனக்கு எழுது. எதிர்த்தேன் என்றால், கல்யாணத்தில் பேசியதற்கு நானே வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

கூடு விற்ற பிறகு பத்து நாள் ஓய்வாக இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டை வழியாக பாலக்கோடு பஸ்ஸில் வா, பையன் வண்டியில் வந்து கூட்டிக்கொண்டு போவான். களியும் கீரைக் கடைசலும் செய்து வைக்கிறேன் என்று உன் தங்கச்சி எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்