ஞாயிறு காலை எழுத்து வேட்டை

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு, 15ஆம் தேதி, காலை 7 முதல் 9 வரை நம் குடியிருப்புக்குள்ளேயே பிள்ளைகளோடு தமிழ் எழுத்துகளைத் தேடப் போகிறோம்.

1. போர்டில் எழுதியிருப்பது கணக்கில் சேராது. பொருளின் வடிவமே எழுத்தாகத் தெரிய வேண்டும். மாடிப்படியைப் பக்கவாட்டில் பாருங்கள், ட தெரியும். உரித்த தேங்காயின் மூன்று கண்ணும் ஃ தான்!
2. கிடைத்ததை போனில் படமெடுங்கள்.
3. ழ, ஞ எல்லாம் லேசில் அகப்படாது. அவற்றைச் செய்துவிடலாம், கயிறு, புளியங்கொட்டை, ஈர்க்குச்சி கொண்டு வாருங்கள்.
4. பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். தயவுசெய்து நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள், அந்தச் சந்தோஷம் அவர்களுடையது.
5. க முதல் ன வரை 18ம் சேர்ந்ததும் அச்சிட்டு மாடிப்படிச் சுவரில் ஒட்டுவோம்.

வருகிறவர்கள் பிள்ளையின் பெயர், வயதோடு வெள்ளி இரவுக்குள் இங்கே பதில் போடுங்கள்.