கோல்ஃப் கிரீன்களும் பசுமை மோகமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோல்ஃப் போட்டிகளைப் பற்றிய செய்திகளில் மைதானத்தின் பசுமையைப் புகழ்வது வழக்கமாகிவிட்டது. குழியைச் சுற்றியுள்ள ‘கிரீன்’ எனப்படும் புல்தளத்தைப் பராமரிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், அந்தப் புகழ்ச்சியே நல்ல புல்லுக்குப் பல இடங்களில் எமனாக முடிகிறது என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

குளிர்ந்த நாடுகளின் கிரீன்களுக்கு ஏற்றவை ஃபெஸ்க்யூ, பென்ட் என்னும் மெல்லிய இலைப் புல் வகைகள். குறைந்த உரத்தில் பிழைத்துக்கொள்ளும் இவற்றுள் ஃபெஸ்க்யூ வறட்சியையும் நன்றாகத் தாங்கும். இவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்வது போவா அனுவா என்னும் புல். பொதுவாக அதை யாரும் விதைப்பதில்லை. தானாகவே வந்து சேரும். சில மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்டினாலும் கதிர்விட்டு விதை உதிர்க்கும் திறன் அதற்கு உண்டு. வசந்த காலத்தில் அதன் வெளிர் கதிர்கள் தலைகாட்டும்போது, நேராக உருள வேண்டிய பந்து தத்தித் தத்திப் போகும். வேர் மேலாகவே நிற்பதால் வெயிலில் முதலில் வாடுவதும், ஃபியூசேரியம் என்னும் பூஞ்சை நோய்க்கு எளிதில் இரையாவதும் அதுதான்.

ஆனால் பழியை அந்தப் புல்லின் மேல் மட்டும் போடுவது நியாயமாகாது. குழியை இடம் மாற்றும்போது வெட்டியெடுக்கும் மண் துண்டைக் கையில் வைத்துப் பார்த்தாலே உண்மை விளங்கிவிடும். அடிக்கடி தண்ணீர் விட்டு, தழைச்சத்தையும் மணிச்சத்தையும் வாரியிறைத்த கிரீனில், மேலே இரண்டு விரற்கடை அளவுக்கு மட்காத தண்டும் வேரும் பஞ்சுபோல் சேர்ந்திருக்கும். அமுக்கினால் நீர் கசியும். சில இடங்களில் அழுகிய முட்டை வாடை கூட அடிக்கும். அந்த ஈரப் பஞ்சு போவாவுக்குத் தொட்டில். மெல்லிய புல்லோ அங்கே மூச்சுத் திணறிப் போகும்.

ஆகவே விதை வாங்குவதற்கு முன் கையை இறுக்கப் பழக வேண்டும். ஃபெஸ்க்யூவுக்கு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 100 கிலோவுக்கும் குறைந்த தழைச்சத்தே போதும். தண்ணீரை நாள்தோறும் தெளிக்காமல், மண் காய்ந்த பிறகு ஆழமாக நனையும்படி விட வேண்டும். மண்ணைக் குத்திக் காற்றோட்டம் தந்து, மெல்லிய அளவில் அடிக்கடி மணல் தூவி, வெட்டும் உயரத்தை 5 மில்லிமீட்டர் அளவில் வைத்து, கோடையின் இறுதியில் நுண்கீறல்களில் மெல்லிய புல் விதையை ஊன்றினால் அது நிலைகொள்ளும். தளத்தை வேண்டாத வேளையில் கீறிப் புண்ணாக்கினால், ஒவ்வொரு வெற்றிடத்திலும் போவாவே முளைக்கும். நிறம் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்காக அளவோடு அன்னபேதி என்னும் இரும்பு உப்பைத் தெளிக்கலாம். தழைச்சத்தை ஏற்றாமலே புல் கருமை கூடித் தெரியும்.

இந்த வழி எங்கும் பலிக்கும் என்று நான் வாதிடவில்லை. 2015ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டி நடந்த வாஷிங்டன் மாநிலத்துச் சேம்பர்ஸ் பே மைதானத்தில், ஃபெஸ்க்யூ கிரீன்களுக்குள் போவா புகுந்து, இரு புற்களும் ஒரே சீராக வளராததால் பந்து துள்ளியது. ஆட்டக்காரர்கள் வெளிப்படையாகவே குறை கூறினர். பின்னர் அங்கே கிரீன்களையே போவாவுக்கு மாற்றிவிட்டார்கள். ஃபெஸ்க்யூ அதிகம் மிதிபடுவதைப் பொறுக்காது என்பதால், ஆட்டம் ஓயாத மைதானங்களில் பென்ட் புல்லை முதன்மையாகக் கொள்வதே விவேகம் என்பது என் கருத்து.

மாற்றம் ஒரு பருவத்தில் வராது. இடையில் கிரீன் வெளிறியும் திட்டுத் திட்டாகவும் தெரியும். உறுப்பினர்களின் முணுமுணுப்பைக் கேட்டு நிர்வாகக் குழு மீண்டும் உர மூட்டையை அவிழ்ப்பது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். எனவே, வெளிறிய கிரீனைக் கண்டதும் ‘காய்ந்துபோன மைதானம்’ என்று எழுதிவிடாமல், பந்து அங்கே எப்படி உருண்டது என்பதையும், அதைப் பராமரிப்பவர் எவ்வளவு தண்ணீர் விடுகிறார் என்பதையும் கேட்டறிந்து எழுதுமாறு தங்கள் விளையாட்டுச் செய்தியாளர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் புல்தளப் பராமரிப்பாளர் ஒருவர்